ஹாங்காங்கில் முதல் தடவை டிம் சம் சாப்பிடப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களை டிம் சம் கடைக்குக் கூட்டிப்போவது பல வருடங்களாக என் பொறுப்பு. அத்தை, மச்சான், கூடப் படித்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று நிறையப் பேரோடு உட்கார்ந்திருக்கிறேன். தடுமாறும் இடங்கள் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தன. நம் ஊர் ஹோட்டலுக்குப் போவது போலவே போகிறார்கள்: உட்கார வைக்க ஆள் வருவார் என்று நிற்கிறார்கள், உட்கார்ந்ததும் மெனு கேட்கிறார்கள், வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள்.

இங்கே பேசும் சீன மொழியான கான்டனீஸில் இதை ‘யம் சா’ என்பார்கள். ‘டீ குடிப்பது’ என்று பொருள். டீதான் முதலில் வரும். டிம் சம் என்கிற பலகாரங்கள் அதற்குத் துணை. கீழே உள்ள படிகளின் வரிசையும் அதை ஒட்டியே இருக்கிறது.

1. எத்தனை பேர், எந்த நேரம்

நாலு பேராகப் போவது நல்லது. இறால் கொழுக்கட்டையான ஹார் கௌவும், பன்றியும் இறாலும் வைத்த சியு மாயும் பெரும்பாலும் ஒரு மூங்கில் கூடைக்கு நாலு வரும். ஆவியில் வேகும் பன்னான பாவ் மட்டும் மூன்று வரும். நாலு உள்ள கூடையில் ஆளுக்கு ஒன்று எடுத்தால் கூடை காலி, அடுத்ததற்குப் போகலாம். இரண்டு பேர் போனால் நாலைந்து வகையிலேயே வயிறு நிறைந்துவிடும்.

வாரநாளில் காலை ஒன்பது, பத்து மணிதான் நான் தேர்ந்தெடுக்கும் நேரம். அப்போது கடையில் வயதானவர்கள் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருப்பார்கள், யாருக்கும் அவசரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்கு மேல் 1 மணி வரை தவிர்த்துவிடுங்கள். தாத்தா பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை குடும்பம் குடும்பமாக வரும் நேரம் அது. பிற்பகல் 2 மணிக்கு மேல் சில கடைகளில் விலை குறையும், ஆனால் நல்ல அயிட்டங்கள் சில அதற்குள் தீர்ந்திருக்கும். கென்னடி டவுனில் உள்ள சன் ஹிங் மாதிரி சில கடைகள் விடிவதற்கு முன்பே திறந்துவிடுகின்றன. தூக்கம் வராமல் விழித்திருக்கும் முதல் நாள் பயணிக்கு அது வசதி.

கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடைகள் எல்லாவற்றிலும் கார்டு எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது.

2. என்ன சாப்பிட மாட்டீர்கள் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிம் சம்மில் பன்றி இறைச்சியும் இறாலும் எதிர்பாராத இடத்திலெல்லாம் இருக்கும். லோ பாக் கோ என்பதை முள்ளங்கி கேக் என்று மொழிபெயர்ப்பார்கள். சைவம் என்று நினைத்து எடுத்தால் உள்ளே பதப்படுத்திய பன்றி இறைச்சியும் காய்ந்த இறாலும் இருக்கும். வூ கோக் சேப்பங்கிழங்கு வகையைச் சேர்ந்த கிழங்கில் செய்த பொரித்த உருண்டை. வெளியே கிழங்கு, நடுவில் பன்றி இறைச்சி, கிழங்கு மாவிலும் பன்றிக்கொழுப்பு. முட்டை டார்ட்டின் ஓட்டில்கூடப் பல கடைகளில் அந்தக் கொழுப்பைத்தான் சேர்க்கிறார்கள். மாம்பழப் புட்டிங்கை உறைய வைப்பது ஜெலட்டின். ஆகவே ‘இதில் இறைச்சி இருக்கிறதா’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டு சாதாரணக் கடையில் சைவமாகச் சாப்பிடுவது நடக்காத காரியம். கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் இறைச்சி என்ற சொல்லின் எல்லை வேறு வேறு.

நாலு சொற்களைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ‘ஜூ’ என்றால் பன்றி. ‘ஹா’ இறால். ‘ஙாவ்’ மாடு. ‘காய்’ கோழி. கடைசிச் சொல்தான் தமிழ்க் காதுக்குப் பொறி. லோ மாய் காய் என்று கேட்டதும் ஏதோ காய்கறி என்று ஒருமுறை எங்கள் மேசையில் எடுத்துவிட்டார்கள். அது தாமரை இலையில் பொதிந்த கோழி ஒட்டரிசி. ‘ஙாவ்’ சொல்வது மற்ற நாட்டுக்காரர்களுக்குக் கஷ்டம். ங வரிசையைப் பள்ளியில் படித்த நமக்குச் சுலபம். இன்னொன்று, வெறுமனே ‘யுக்’, அதாவது இறைச்சி என்று மட்டும் சொன்னால் இங்கே பன்றி என்றுதான் அர்த்தம்.

சுத்த சைவம் என்றால் சைவக் கடைக்கே போய்விடுங்கள். டயமண்ட் ஹில் ரயில் நிலையத்துக்கு அருகே நான் லியான் தோட்டத்துக்குள் சி லின் பிக்குணிகள் மடத்தைச் சேர்ந்த சைவ உணவகம் இருக்கிறது. அருவிக்குப் பின்னால் உள்ள கட்டடம். சொல்லவேண்டிய வாக்கியம் ‘ஙோ சிக் ஜாய்’, நான் சைவம். புத்த மரபுச் சைவம் என்பதால் வெங்காயம், பூண்டும் இருக்காது.

ஹலால் வேண்டும் என்றால் வான் சாயில் ஓய் குவான் சாலையில் உள்ள பள்ளிவாசல் கட்டடத்தின் ஐந்தாவது மாடிக்குப் போங்கள். அங்கே இருக்கும் இஸ்லாமிய மையக் கேன்டீனில் மதியம் ஹலால் டிம் சம் கிடைக்கும். ஹாங்காங்கில் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு அந்த இடம் நன்றாகவே தெரியும்.

மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு அவ்வளவு சிரமம் இல்லை. ஆவியில் வேகவைத்த மாட்டு உருண்டை, மாட்டு இரைப்பை, மாட்டிறைச்சி வைத்த சியுங் ஃபன் (அரிசிமாவுத் தாளைச் சுருட்டியது) ஆகிய மூன்றையும் விட்டால் பெரும்பாலும் போதும்.

3. இடம் பிடிப்பது

வாசலில் ஆள் நின்றால் விரலால் எண்ணிக்கையைக் காட்டுங்கள். ‘கெய் வாய்?’ என்பார், எத்தனை பேர் என்று. நம்பர் சீட்டு கொடுத்தால் திரையைப் பார்த்துக்கொண்டிருங்கள். நம்பரைக் கான்டனீஸில் மட்டும் கூப்பிட்டு, ஆள் வராவிட்டால் அடுத்தவருக்குத் தாண்டிவிடுவார்கள்.

பழைய பாணிக் கடைகளில் வாசலில் யாருமே இருக்க மாட்டார்கள். நேராக உள்ளே போய்க் காலி நாற்காலி தேட வேண்டும். தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்காருவது இங்கே சாதாரணம், ‘தாப் தோய்’ என்பார்கள். உட்காரும் முன் நாற்காலியைக் காட்டித் தலையாட்டிக் கேட்டால் போதும். உட்கார்ந்த பிறகு அவர்கள் கூடைப் பக்கம் பார்வையைக் கொண்டுபோகாமல் இருங்கள், அவர்களும் அப்படித்தான் இருப்பார்கள்.

4. முதல் கேள்வி டீ பற்றியது

உட்கார்ந்து ஒரு நிமிடத்துக்குள் ‘யம் மாட் சா?’ என்று வந்து நிற்பார்கள். என்ன டீ? மெனு எங்கே என்று தேடாதீர்கள், டீக்கு மெனு வராது. பதில் தயாராக இருக்க வேண்டும்.

- போ லேய்: கறுத்த, மண்வாசனை உள்ள, புளிக்கவைத்த டீ. கொழுப்பான பலகாரத்துக்கு இதுதான் பொருத்தம். அதிக நேரம் ஊறினாலும் சீக்கிரம் கசப்பு ஏறாது.
- திட் குவுன் யாம்: ஊலாங் வகை. மணம் நன்றாக இருக்கும், அதிகம் ஊறினால் துவர்க்கும்.
- சௌ மேய்: லேசானது.
- ஹியுங் பின்: மல்லிகை டீ. புதியவர்கள் எல்லோருக்கும் பிடிக்கிறது.
- குக் ஃபா: சாமந்திப்பூ மட்டும், தேயிலை இல்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

போ லேயும் சாமந்தியும் கலந்த ‘குக் போ’ என் விருப்பம். முதல் தடவை வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன், மண்வாசனை பயமுறுத்தாமல் பூ கொஞ்சம் தணித்துவிடும்.

பால், சர்க்கரை கேட்காதீர்கள். ஹாங்காங்கின் பால் டீ அருமையானதுதான், ஆனால் அது ‘சா சான் தெங்’ என்கிற வேறு வகைக் கடையின் சரக்கு. டீக்கு ஆள் கணக்கில் காசு. குடிக்காமல் இருந்தாலும் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் வரும்.

கூடவே ஒரு குடுவை வெந்நீரும் வைப்பார்கள். வைக்காவிட்டால் ‘குவான் சோய்’ என்று கேளுங்கள். டீ கடுமையாகும்போது இளக்க அது தேவைப்படும்.

5. பாத்திரம் அலசுவது

மேசையில் ஒரு பெரிய காலிக் கிண்ணம் வைத்திருந்தால் அது அலசுவதற்கு. சூப் வரப்போகிறது என்று காத்திருந்தவர்களையும், அலசிய தண்ணீரைக் குடிக்கப் போனவர்களையும் நான் தடுத்திருக்கிறேன்.

உங்கள் சின்னக் கிண்ணத்தில் கப்பை வையுங்கள். முதல் டீயையோ வெந்நீரையோ அதில் ஊற்றுங்கள். சாப்ஸ்டிக் முனைகளையும் கரண்டியையும் அதில் நனைத்துச் சுற்றுங்கள். கப்பைப் படுக்கவைத்து உருட்டி எடுங்கள். தண்ணீரைப் பெரிய கிண்ணத்தில் கொட்டுங்கள். தட்டிலும் கொஞ்சம் ஊற்றிக் கழுவிக்கொள்ளலாம்.

இந்தச் சில நொடிகளில் கிருமி சாகாது, தூசி போகும். முதல் ஊறல் டீ எப்படியும் கீழே ஊற்றுவதுதான் என்பதால் வீணும் இல்லை. வயதானவர்கள் பேசிக்கொண்டே கை பார்க்காமல் இதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பெரிய கிண்ணம் வைக்காத உயர்தரக் கடையில் இதைச் செய்யாதீர்கள்.

6. சீட்டு நிரப்புவது: இரண்டு சுற்றாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

மேசையில் அச்சடித்த சீட்டும் பென்சிலும் இருக்கும். அயிட்டத்துக்குப் பக்கத்தில் எத்தனை கூடை என்று எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும். விலை சின்னது, நடுத்தரம், பெரியது, சிறப்பு என்று வகை பிரித்திருக்கும், தனித்தனியாக இருக்காது. ஆங்கிலச் சீட்டு கேட்டால் பல கடைகளில் தருவார்கள். அதில் எல்லா அயிட்டமும் இருப்பதில்லை என்பதால் நான் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

புதியவர்கள் பசியில் பன்னிரண்டு கூடைக்கு எண் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். சமையலறையில் நாம் சாப்பிடும் வேகத்துக்குக் காத்திருக்க மாட்டார்கள். எது வெந்ததோ அது வரும். பத்து நிமிடத்தில் கூடை மேல் கூடை அடுக்கி, டீ கப் வைக்க இடமில்லாமல் போகும். அதைவிடப் பெரிய நஷ்டம் சூடு போவது. ஹார் கௌவின் தோல் கோதுமை ஸ்டார்ச்சால் ஆனது. ஆவி பறக்கும்போது கண்ணாடி மாதிரி, உள்ளே இறாலின் சிவப்பு தெரிய, பல்லுக்கு இழுத்துக்கொடுக்கும். ஆறினால் கொழுக்கட்டையின் மேல்மாவு விறைப்பது போல விறைத்து, எடுக்கும்போதே கிழிந்துவிடும். சமையல்காரரின் கைத்திறன் அந்தத் தோலில்தான் இருக்கிறது, ஆறவிட்டுச் சாப்பிட்டால் அது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

சரி, நாலு பேருக்கு எப்படிப் பிரிப்பது?

முதல் சுற்றில் நாலே நாலு: ஹார் கௌ, சியு மாய், ஏதாவது ஒரு சியுங் ஃபன், ஒரு கூடை சா சியு பாவ் (வாட்டிய பன்றி இறைச்சி வைத்த பாவ்). ஆறினால் கெடுபவற்றை முதலில் சாப்பிட்டுவிடலாம் என்பதுதான் கணக்கு. இரண்டு கூடை பாதி காலியானதும் அடுத்த சீட்டு கேளுங்கள். எத்தனை சீட்டு வேண்டுமானாலும் தருவார்கள்.

இரண்டாவது சுற்றில் கனமானவை: புளிக்கவைத்த கறுப்பு சோயா பீன்ஸ் போட்ட பன்றி விலா எலும்பு, கோழிக்கால், லோ பாக் கோ, லோ மாய் காய். லோ மாய் காய் ஒன்று நாலு பேருக்குப் போதும். ஒட்டரிசி வயிற்றில் உட்கார்ந்துகொள்ளும். அதை முதலில் சாப்பிட்டவர்கள் வேறு எதையும் ருசிக்க முடியாமல் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனிப்பை அப்புறம் தனியாகச் சொல்லுங்கள். முதல் சீட்டிலேயே எழுதினால் முட்டை டார்ட் ஹார் கௌவுக்கு முன்பே வந்து நிற்கும்.

சீட்டின் மேலே மேசை எண் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். எண் இல்லாத சீட்டு எங்கோ போய்விடும், நாம் அரைமணி நேரம் காத்திருப்போம்.

7. தள்ளுவண்டிக் கடை என்றால்

வண்டியில் கூடைகளை அடுக்கிக்கொண்டு வரும் கடைகள் குறைந்துவிட்டன. சென்ட்ரலில் சிட்டி ஹால் இரண்டாவது மாடியில் இருக்கும் மேக்ஸிம்ஸ் பேலஸ் அப்படி ஒன்று. அங்கே சீட்டு எழுத வேண்டாம். மேசையில் ஒரு அட்டை வைப்பார்கள். எடுக்கும் ஒவ்வொரு கூடைக்கும் வண்டிக்காரம்மா அதில் முத்திரை குத்துவார். மூடியைத் திறந்து காட்டச் சொல்லிக் கைகாட்டலாம், அதற்கு யாரும் கோபிப்பதில்லை.

கூட்டமான கடையில் உட்கார்ந்த இடத்திலேயே காத்திருந்தால் நல்ல கூடைகள் வழியிலேயே தீர்ந்துவிடும். அட்டையை எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவுப் பக்கம் நடந்து போங்கள். அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள், உங்கள் பில்லே அதுதான்.

சுன் வானிலிருந்து 80-ஆம் எண் மினிபஸ்ஸில் போனால் சுயென் லுங் என்ற மலைக்கிராமம் வரும். அங்கே துவான் கீ கடையில் எல்லாமே சொந்தக் கைவேலை. டீ இலையை எடுத்துப் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொள்வது, சமையலறை வாசலில் போய்க் கூடையைத் தூக்கி வருவது எல்லாம் நாமே. முதல் தடவைக்கு வேண்டாம், மூன்றாவது தடவைக்கு அவசியம் போங்கள்.

8. டீ ஊற்றும் ஒழுங்கு

முதலில் பெரியவர்களுக்கு, பிறகு மற்றவர்களுக்கு, கடைசியில் தனக்கு. யாருடைய கப் காலியாக இருந்தாலும், நீங்கள் குடுவையைத் தொட்டால் எல்லோருக்கும் ஊற்ற வேண்டும். கப்பை முக்கால் அளவோடு நிறுத்துங்கள். அந்தக் கப்புக்குக் காது கிடையாது. விளிம்புவரை ஊற்றினால் பிடிக்க இடமில்லாமல் விரல் சுடும்.

உங்களுக்கு ஒருவர் ஊற்றும்போது ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக மடக்கி மேசையில் இரண்டு மூன்று தடவை தட்டுங்கள். நன்றி என்று அர்த்தம். பேச்சை நிறுத்தாமல், வாயில் இருப்பதை விழுங்காமல் நன்றி சொல்ல இதைவிட வசதியான வழி இல்லை. பரிமாறுபவர் ஊற்றினாலும் தட்டலாம், அல்லது ‘ம் கோய்’ சொல்லலாம்.

குடுவை காலியானால் கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டாம். மூடியைத் திறந்து குடுவையின் வாய்மேல் பாதி சாய்த்து வைத்துவிடுங்கள். வெந்நீரோடு ஆள் வந்துவிடுவார். மூடியை முழுதாக மூடி வைத்துவிட்டு யாரும் கவனிக்கவில்லை என்று மனம் வருந்தியவர்கள் உண்டு. மூடியிருந்தால் டீ இருக்கிறது என்றுதான் அவர்கள் நினைப்பார்கள்.

9. ஒவ்வொன்றையும் சாப்பிடும் விதம்

ஆளுக்கு இரண்டு ஜோடி சாப்ஸ்டிக் வெவ்வேறு நிறத்தில் இருந்தால், ஒன்று கூடையிலிருந்து எடுக்க, மற்றது வாய்க்கு. எந்த நிறத்தை எதற்கு என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுவதை அது நினைவூட்டும்.

ஹார் கௌவைக் குத்தி எடுத்தால் சாறு ஒழுகிவிடும். பக்கவாட்டில் பிடித்து, கீழே கரண்டியை ஏந்துங்கள். சா சியு பாவைக் கையால் எடுக்கலாம், அடியில் ஒட்டியிருக்கும் காகிதத்தை உரித்துவிட்டுக் கடியுங்கள். தாமரை இலை பொதிக்கு மட்டும்தான், வாசனை கொடுத்ததோடு அதன் வேலை முடிந்தது. லாவ் சா பாவ் என்ற உப்பு முட்டைக்கரு பாவில் உள்ளே கொதிக்கும் குழம்பு இருக்கும். பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் பிய்த்து ஆறவிடுங்கள், நாக்கு வெந்துபோகும்.

கோழிக்காலை ஒரு கணுவளவு வாயில் வைத்து, தோலையும் நரம்பையும் உறிஞ்சி, சின்ன எலும்புகளைத் தட்டின் ஓரத்தில் வைக்க வேண்டும். கையால் பிடித்துத் தின்பது பழக்கமில்லை. மட்டன் எலும்பு கடித்துப் பழகிய நம் ஆட்கள் இதை இரண்டாவது துண்டிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

காரம் போதாது என்று தோன்றும். மேசையிலிருக்கும் மிளகாய் சாஸ் இனிப்பும் புளிப்புமாக இருக்கும். ‘லாட் ஜியு யாவ்’ என்று மிளகாய் எண்ணெய் கேட்டு, தட்டின் ஓரத்தில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஹார் கௌவின் முதல் துண்டை மட்டும் எதிலும் தொடாமல் சாப்பிட்டுப் பாருங்கள்.

10. பில்லும் பார்சலும்

உட்கார்ந்தவுடன் கேட்காமலே வேர்க்கடலையோ ஊறுகாயோ சின்னத் தட்டில் வைத்தால் அதற்கும் காசு உண்டு. வேண்டாம் என்றால் அப்போதே ‘ம் யியு’ என்று திருப்பிக் கொடுங்கள். சாப்பிட்டு முடித்த பின் வாதாட முடியாது.

‘மாய் தான்’ என்றால் பில் கொண்டுவருவார்கள். டீக்காசு தலைக்கணக்கு, கூடைகள், அதன் மேல் பெரும்பாலும் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று இருக்கும். கூடைகளை நீங்களும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வராத அயிட்டம் பில்லில் ஏறியிருந்தால் அங்கேயே சொன்னால் நீக்கிவிடுவார்கள். உள்ளூர் நண்பர் அழைத்துப்போனால் அவரைப் பணம் கொடுக்கவிடாமல் செய்வது கஷ்டம். உண்மையிலேயே நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்றால், கடைசி டீ ஓடும்போது கை கழுவப் போவது போல எழுந்துபோய் கல்லாவில் கட்டிவிடுங்கள்.

மிச்சம் இருந்தால் ‘தா பாவ்’ என்று சொன்னால் டப்பா தருவார்கள். ஹார் கௌவையும் சியுங் ஃபன்னையும் கட்டிக்கொண்டு வராதீர்கள், வீட்டுக்கு வந்து சேர்வது வேறு பண்டமாக இருக்கும். பாவும் லோ மாய் காயும் தாங்கும். மறுநாள் காலை இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்ததும் தட்டில் வைத்து மூடிவிடுங்கள். பாவுக்கு ஐந்து நிமிடம் போதும், லோ மாய் காயை இலையோடு வைத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள்.